அணைப்பதில் கெட்டிக்காரர்கள்

2020 செப்டம்பர் 9 அன்று காலை ஒன்பதரை மணிக்கு வீட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி முழுக்க வானம் ஆரஞ்சு நிறம். தெருவிளக்குகள் அணையவே இல்லை. ஃபோனில் படம் எடுத்தால், கேமரா அந்த நிறத்தை நம்ப மறுத்து வெளிறிய சாம்பலாக மாற்றிக் காட்டியது. தூங்கப் போகும் முன் வழக்கம்போல் வீடியோவில் வந்த அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்ப்பா, அவ்ளோ பெரிய நாட்டுல ஃபாரஸ்ட்காரங்களே இல்லையா?"

"இருக்காங்கம்மா. அதான் பிரச்சினையே" என்றேன். அன்றைக்கு அதை ஜோக்காகத்தான் சொன்னேன்.

இப்போது ஜோக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஃபாரஸ்ட் சர்வீஸ், அதாவது அவர்களுடைய மத்திய வனத்துறை, 19.3 கோடி ஏக்கரை நிர்வகிக்கிறது. ஆறு தமிழ்நாடு. அந்த நிலத்தில் பற்றும் தீயில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டை முதல் முயற்சியிலேயே அணைத்துவிடுகிறோம் என்பது அவர்கள் பெருமையாகச் சொல்லும் கணக்கு. கணக்கு உண்மைதான். ஆனால் அணையாமல் தப்பும் அந்த இரண்டு மூன்று எப்படிப்பட்ட தீ என்று கேட்டுப் பாருங்கள். மிக வெப்பமான, மிக வறண்ட, காற்று அடித்து வீசும் நாளில் பற்றியதுதான் தப்பும். ஈரமான நாளில் முழங்கால் உயரத்துக்கு மெதுவாக ஊர்ந்து, சருகை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கும் தீயை ஓடிப்போய் அணைத்துவிடுகிறோம். சாதுவான தீயையெல்லாம் கொன்றுவிட்டு, வெறிபிடித்ததற்கு மட்டும் காட்டை விட்டுவைக்கிறோம். சருகோ ஒவ்வொரு வருடமும் சேர்ந்துகொண்டே போகிறது.

என் தொழிலில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரு சர்வர் மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டே இருந்தது. காரணத்தைத் தேட யாருக்கும் நேரமில்லை. தினமும் இரவு இரண்டு மணிக்கு அதை ரீஸ்டார்ட் செய்ய ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அலர்ட் நின்றுவிட்டது. பாராட்டுக்கூடக் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து, கூட்டம் அதிகமான ஒரு விற்பனை நாளில் மதியமே எல்லாம் சரிந்தது. அதற்குள் அந்தக் குழுவில் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லை. வனத்துறை அப்படியொரு ஸ்கிரிப்டைத்தான் 1935-இல் எழுதியது. எந்தத் தீயானாலும் சரி, தகவல் வந்த மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும். பெயரே 'காலை பத்து மணிக் கொள்கை'. 1978 வரை, நாற்பது வருடத்துக்கும் மேல் அது ஓடியது.

அதற்குப் பின்னால் இருந்த பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். 1910 ஆகஸ்டில் இரண்டே நாளில் ஐடஹோ, மொன்டானா பக்கம் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலானவர்கள் தீயணைக்கப் போனவர்கள். துறைக்கு அப்போது ஐந்து வயது. அந்தத் தீயை அருகிலிருந்து எதிர்கொண்ட இளம் அதிகாரிகளில் கிரீலியும் சில்காக்ஸும் பிற்பாடு துறைத் தலைவர்கள் ஆனார்கள். பத்து மணி உத்தரவைப் போட்டவர் அந்தச் சில்காக்ஸ்தான். கண்ணால் கண்டவர் கை நடுங்குவது இயல்பு. அந்த நடுக்கத்தை ஒரு நாட்டின் விதியாக்கி, மறுகேள்வி கேட்டவர்களின் வாயை அடைத்ததுதான் குற்றம்.

கேட்டவர்கள் இருந்தார்கள். வட கலிஃபோர்னியாவின் காருக், யூரோக் மக்கள் காலங்காலமாகக் காட்டுக்குத் தீ வைத்தே காட்டை வளர்த்தவர்கள். கூடை பின்ன நேரான ஹேசல் தளிர் வேண்டுமென்றால் எரித்த இடத்தில்தான் அது வரும். 1850-இல் கலிஃபோர்னியா போட்ட முதல் சட்டங்களில் ஒன்று அவர்கள் புல்வெளிக்குத் தீ வைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பிறகு வெள்ளைக்கார விவசாயிகள் சிலரே 'லேசாக எரித்துவிடுவோம், பெரிய தீ வராது' என்று வாதாடினார்கள். படித்த வனவியலாளர்கள் அதற்கு 'பையூட் வனவியல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பையூட் என்பது ஒரு பழங்குடியின் பெயர். அதையே வசவாக்கினால் வாதம் முடிந்துவிடும் என்ற நினைப்பு.

இதில் நம் ஊர்ச் சம்பந்தமும் கொஞ்சம் இருக்கிறது. துறையின் முதல் தலைவர் கிஃபோர்டு பின்ஷோ இளைஞனாக ஐரோப்பாவில் படித்தபோது வழிகாட்டியாகக் கொண்டவர் டீட்ரிக் பிராண்டிஸ். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரி, காட்டைத் தீயிலிருந்து 'காப்பாற்றும்' திட்டத்தை நம் காடுகளில் நடத்தியவர். மலையடிவாரத்தில் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கும் ஆட்டுக்காரரைத் திருடனாகப் பார்க்கும் கண்ணும் பைன் காட்டில் தீ வைக்கும் காருக் பாட்டியைக் குற்றவாளியாகப் பார்க்கும் கண்ணும் ஒரே பள்ளியில் படித்தவை.

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போது திருந்திவிட்டார்கள்தானே என்பீர்கள். காகிதத்தில் திருந்திவிட்டார்கள். திட்டமிட்டு எரிப்பது அவசியம் என்று துறையின் ஒவ்வொரு அறிக்கையும் சொல்கிறது. நடப்பதைப் பாருங்கள். சியரா மலையில் கிரிஸ்லி ஃப்ளாட்ஸ் என்று ஒரு சிற்றூர். அது எரிந்து அழியக்கூடும் என்று ஏறக்குறைய இருபது வருடம் முன்பே துறையே எச்சரித்தது. சுற்றிலும் காட்டைக் குறைக்கவும் எரிக்கவும் திட்டம் போட்டது. மதிப்பீடு, ஆட்சேபம், ஆள் இல்லை, பணம் இல்லை என்று இழுத்துக்கொண்டே போய், 2021 ஆகஸ்டில் கால்டோர் தீ வந்தபோது திட்டத்தில் பாதிகூட முடியவில்லை. ஊரின் பெரும்பகுதி ஒரே இரவில் போய்விட்டது. வேலையை இழுத்தடித்ததற்காக யாராவது பதவி இழந்தார்களா?

இப்போது மறுபக்கம். 2022 அக்டோபரில் ஒரிகனில் துறையின் திட்டமிட்ட தீ ஒன்று வேலி தாண்டித் தனியார் பண்ணையில் சில ஏக்கரைப் பிடித்தது. பொறுப்பாளரை அந்த இடத்திலேயே கவுண்டி ஷெரிஃப் கைது செய்தார். தீ வைத்தால் விலங்கு, வைக்காமல் பத்து வருடம் உட்கார்ந்திருந்தால் ஓய்வூதியம். நீங்களாக இருந்தால் தீப்பெட்டியைத் தொடுவீர்களா?

திட்டமிட்ட தீ தப்பவே தப்பாது என்று பொய் சொல்ல மாட்டேன். அதே 2022 ஏப்ரலில் நியூ மெக்ஸிகோவில் துறை வைத்த தீ ஒன்று தப்பியது. ஜனவரியில் எரித்த மரக்குவியலின் கங்கு பனிக்கடியில் மாதக்கணக்கில் உயிரோடிருந்து இன்னொன்றாக எழுந்தது. இரண்டும் சேர்ந்து 3.4 லட்சம் ஏக்கர். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஸ்பானிய மொழிக் குடும்பங்களின் வீடும் விறகும் வாய்க்காலும் போயின. அவர்களிடம் போய் 'தத்துவம் சரிதான்' என்று சொல்ல யாருக்கும் யோக்யதை கிடையாது. ஆனால் துறையின் சொந்த விசாரணையே என்ன சொன்னது? நிலம் எவ்வளவு காய்ந்திருந்தது என்பதைச் சரியாகக் கணிக்கவில்லை, இலக்கை முடித்தாக வேண்டும் என்ற அழுத்தம் இருந்தது என்று. எரித்ததை விட, ஏக்கர் கணக்குக் காட்ட எரித்ததுதான் தவறு. அதற்குத் துறையின் பதில், நாடு முழுக்க 90 நாள் எல்லாத் திட்டமிட்ட எரிப்புக்கும் தடை. 2024 அக்டோபரிலும் கலிஃபோர்னியாவில் நிறுத்தினார்கள். ஆட்களைக் காட்டுத்தீ அணைக்க வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

பருவநிலை மாற்றத்தை விட்டுவிட்டாயே என்று ஒரு நண்பர் கேட்டார். விடவில்லை. காடு காய்வதற்கு அது காரணம். காய்ந்த காட்டில் இவ்வளவு விறகை யார் அடுக்கினார்கள் என்பது வேறு கேள்வி. தெற்குக் கலிஃபோர்னியாவின் புதர்க்காடுகளுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே தீ குறைவாக அல்ல, மனிதர்களால் அதிகமாகவே வருகிறது. எல்லாக் காட்டுக்கும் ஒரே விதி என்பதுதானே பத்து மணி உத்தரவின் முட்டாள்தனம். அதையே நான் திருப்பிப் போட முடியாது.

துறையை மட்டும் திட்டுவது வசதியாக இருக்கிறது, எனக்கும் அதுதான் வசதி. 2019 இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, வடக்கே எங்கோ திட்டமிட்டு எரித்த புகை எங்கள் பக்கம் வந்தது. பெண்ணுக்கு அப்போது ஒன்றரை வயது, இருமினாள். கோபமாக ஒரு புகார் மின்னஞ்சல் எழுதி அனுப்பினேன். 'வார இறுதியில் இப்படிச் செய்யலாமா?' என்று ஒரு வரிகூட அதில் இருக்கிறது. என்னைப் போல் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள், எத்தனை எரிப்பு நாட்கள் அந்த மின்னஞ்சல்களால் ரத்தாகியிருக்கும்? அடுத்த செப்டம்பரில் வந்த புகைக்குப் புகார் எழுத எந்த முகவரியும் இல்லை.

போன வாரம் மறுபடி அறிவிப்பு வந்தது: திட்டமிட்ட எரிப்பு, மூன்று நாள் லேசான புகை இருக்கலாம். ஜன்னலைச் சாத்தினேன். மகள் கேட்டாள், "அப்பா, யாரு தீ வச்சது?" "ஃபாரஸ்ட்காரங்க" என்றேன். கொடியில் காய்ந்த துணியை எடுக்க இருவரும் வெளியே போனோம்.