வாளைக் கொண்டாடுகிறோம், அடித்தவரை?



சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்தச் செய்தி இன்றும் என் வாட்ஸ்அப்புக்கு வந்துகொண்டிருக்கிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் எல்லாப் பதிவிலும் அரசன், படை, வாள். அந்த வாளை அடித்தவரைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அன்றைய மண் உலையில் அவ்வளவு சூடு ஏறாது. கசடு கலந்த கட்டிதான் கிடைக்கும். அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடித்துக் கசடை வெளியேற்றினால்தான் கத்தியாகும். எஃகு இன்னும் நுட்பமானது. சிறு மண்மூசைக்குள் இரும்பையும் கரியையும் வைத்து, வாயைக் களிமண்ணால் பூசிக் காய்ச்ச வேண்டும். கரிச்சத்து ஏறினால் இரும்பு குறைந்த சூட்டிலேயே உருகும். கொடுமணலிலும், நம் பக்கத்துத் தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் இந்த வேலை நடந்த தடயங்கள் உண்டு. அந்த இந்திய எஃகின் ரகசியத்தைத்தான் 1819-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்தார். நம் ஆட்களிடம் வெப்பமானி கிடையாது. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னார்கள்.

இது அறிவியல் இல்லையா? இல்லை என்று பிள்ளைகளை நினைக்க வைத்தவர்களில் நானும் ஒருவன். "படிக்கலைன்னா பட்டறையில சம்மட்டிதான் அடிக்கணும்" என்று வகுப்பில் எத்தனை முறை மிரட்டியிருப்பேன்! ஒருநாள் கடைசி பெஞ்சில் ஒரு பையன் தலை குனிந்தான். அவன் அப்பா கொல்லர். அவன் படித்தான், வேறு வேலைக்குப் போனான். அது நல்லதே. ஆனால் அப்பாவின் தொழிலை அவன் வெட்கத்தோடு விட்டுப் போனதில் என் பங்கு உண்டு. அந்தப் பட்டறை இன்று இல்லை.

நம் வட்டாரத்துச் சுத்துக்கேணியில் பிரெஞ்சு ஆய்வாளர் கசால் பெருங்கற்கால ஈமக்குழிகளைத் தோண்டி, 1956-இல் நூலாக்கினார். சேதராப்பட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தொழிற்பேட்டையில் தினமும் இரும்போடு மல்லுக்கட்டும் அவர்களின் பெற்றோருக்குத் தெரியுமா?

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலோகப் பாடம் நடத்தும் அன்று ஒரு கொல்லரை வகுப்புக்கு அழையுங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர் பேசட்டும்.

உங்கள் ஊரில் இன்னும் உலை எரிகிறதா? கீழே எழுதுங்கள்.