பூட்டுக்குத் தனிச் சாவி சரி... மிக்சிக்குமா?

எங்கள் வீட்டு மிக்சிக்கு 8 வயசு. மோட்டார் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. சட்னி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளர் தேய்ந்து போனதால், மணிக்கூண்டு பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டு போனேன். "இந்த மாடல் நின்னு போச்சும்மா. புது மாடல் ஜாரும் இதுல உட்காராது. வேற மிக்சி வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். 40 ரூபாய் சாமானுக்காக, 4 ஆயிரம் ரூபாய் மிக்சியைப் பரணில் போட மனசு வருமா?

குண்டு பல்பு போய், சி.எப்.எல். வந்து, இப்போது எல்.இ.டி.யும் வந்தாச்சு. ஆனால், என் மாமனார் காலத்து ஹோல்டரில் மூன்றுமே மாட்டின. காரணம், அளவு பொது. எல்லாருக்கும் ஒரே அளவு என்றால் புதுமை வராது என்பார்கள். ஹோல்டர் மாறாமலே பல்பில் புதுமை வரவில்லையா?

சட்டம் போட்டால் கம்பெனிகள் கேட்கத்தான் செய்யும். ஐரோப்பிய நாடுகளில் 2024 டிசம்பர் 28 முதல் புது செல்போன்களுக்கு டைப்-சி சார்ஜர் கட்டாயம். அந்தத் தேதிக்கு முன்பே, 2023ல் ஐபோனும் அதற்கு மாறிவிட்டது.

நம் மத்திய நுகர்வோர் துறையும், 2022ல் ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. செல்போன், வாகனம், விவசாயக் கருவிகளோடு வீட்டுச் சாமான்களும் அதன் பட்டியலில் இருந்தன. ஆனால், 'எளிதில் ரிப்பேர் செய்ய முடியுமா என்று மார்க் போடுங்கள்' என்று 2025 மே மாதம் இன்னொரு குழு கொடுத்த அறிக்கை, முதலில் எடுத்துக்கொண்டது செல்போனையும் டேப்லெட்டையும்தான். நாம் தினமும் அரைக்கிற மிக்சி, கிரைண்டர் எப்போது? 2011ல் அரசே இவற்றை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய மாநிலம் இது. இவை ஆடம்பரச் சாமான்கள் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஜாரின் அடிப்பாகமும் கப்ளரும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அளவில் வர வேண்டும். மாடல் நின்ற பிறகு எத்தனை வருஷம் பாகங்கள் கிடைக்கும் என்பதை, அட்டைப் பெட்டியில் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். தோழிகளே, அதுவரை நாமும் வாங்கும்போதே, "ஜார், கப்ளர் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்போம். பத்துப் பேர் கேட்டால், கடைக்காரர் கம்பெனியின் காதில் போடாமலா இருப்பார்?

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றைத் திறக்கக் கூடாது. பூட்டுக்கு அதுதான் அழகு. மிக்சி ஜாருக்கு எதற்கு அந்த அழகு?

- ஒரு இல்லத்தரசி, திண்டுக்கல்.