டயரின் பணம் சாலைக்கு வரட்டும்

போகி அன்று டயர் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. கொளுத்தாத டயர் எங்கே போவது என்று கேட்டால் எந்த ஊராட்சியிடமும் பதில் இல்லை. பஞ்சர் கடை ஓரத்தில் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட இடம் கொடுக்கிறது. அல்லது உலைக்குப் போய் எண்ணெயும் கரியும் ஆகிறது, சுற்றுவட்டாரம் புகையை மூச்சில் வாங்குகிறது. திருவொற்றியூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எனப் பெரிய டயர் ஆலைகள் இயங்கும் மாநிலம் நம்முடையது. தேய்ந்த டயரைத் தூளாக்கித் தாரில் கலந்து சாலை போடும் முறையும் இந்தியாவுக்குப் புதிதல்ல. ஐ.எஸ். 17079 என்ற தரவிதி இருக்கிறது; இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. இவ்வளவு இருந்தும் ஊராட்சி ஒன்றியச் சாலைக்கும் பேரூராட்சித் தெருவுக்கும் இந்தத் தார் எளிதில் வருவதில்லை. கூடுதல் செலவை யார் ஏற்பது என்று எவரும் தீர்மானிக்காததே அதற்கு முதற்காரணம் என்பது நம் கருத்து.

ரப்பர் தூள் சூடான தாரில் ஊறி, அதிலுள்ள லேசான எண்ணெயை இழுத்துக்கொண்டு உப்புகிறது. தார் கெட்டிப்படுகிறது; சக்கரத் தடம் பள்ளமாவதும் விரிசல் விடுவதும் தள்ளிப்போகின்றன. ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பித்தளை வளையத்தில் தாரை ஊற்றி ஆறவிட்டு, மேலே சிறிய எஃகுக் குண்டை வைத்து, தண்ணீருக்குள் மெல்லச் சூடேற்றுவார்கள். தார் இளகி, குண்டோடு 25 மில்லிமீட்டர் தொங்கி அடித்தட்டைத் தொடும்போது வெப்பமானி காட்டுவதுதான் இளகுநிலை. வழக்கமான வி.ஜி. 30 தாருக்கு அது 47 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ரப்பர் கலந்த சி.ஆர்.எம்.பி. 55 வகைக்குக் குறைந்தது 55 வேண்டும். கத்திரி வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும் ஊர்களில் இந்த எட்டு டிகிரி பெரிய விஷயம். டெண்டரோ அன்றைய விலையை மட்டும் பார்க்கிறது. ரப்பர் தாரைக் கூடுதலாகச் சூடாக்க வேண்டும். தூள் அடியில் படியாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே முதற்செலவு அதிகம். மறுபடி தார் போடும் வேலை சில ஆண்டுகள் தள்ளிப்போகும்போதுதான் மிச்சம் தெரியும். அதற்குள் ஊராட்சித் தலைவர் மாறியிருப்பார், பொறியாளரும் மாறியிருப்பார். வராத மிச்சத்தை நம்பி இன்று கூடுதலாகச் செலவழிக்கச் சொன்னால், தணிக்கைக்குப் பயப்படும் அதிகாரி எவரும் கையெழுத்திட மாட்டார்.

இந்த முடிச்சை அமெரிக்கா இரண்டு விதமாக அவிழ்க்கப் பார்த்தது. 1960களில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்ட் என்ற பொறியாளர் இந்தக் கலவையை உருவாக்கினார். 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது: மத்திய நிதியில் போடும் தார்ச்சாலைகளில் 1994இல் 5 சதவீதத்தில் தொடங்கி, 1997இல் 20 சதவீதத்தில் ரப்பர் இருந்தாக வேண்டும், தவறும் மாநிலத்துக்கு நிதி குறையும். மாநிலங்கள் கொதித்தெழுந்தன. 1995இலேயே அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. கலிபோர்னியா வேறு வழியில் போனது. அங்கே புது டயர் வாங்குபவர் ஒவ்வொரு டயருக்கும் 1.75 டாலர் கட்டணம் கட்டுகிறார். அதில் ஒரு பங்கு டயர் மறுசுழற்சி நிதிக்குப் போய், ரப்பர் சாலை போடும் நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் மானியமாகத் திரும்புகிறது. இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு மைல் நீளத்துக்கு ஒரு தடம் போட்டால் ஏறக்குறைய 2,000 டயர் செலவாகும் என்பது அந்த மாநிலத்தின் கணக்கு. தண்டனையைக் காட்டிய சட்டம் நான்கு ஆண்டுகூட நிற்கவில்லை. செலவைப் பகிர்ந்துகொண்ட திட்டம் நிலைத்தது.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள் பழைய டயரின் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தன. மறுசுழற்சி செய்பவரிடம் அவர்கள் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ரப்பர் கலந்த தாரும் சான்றிதழுக்குரிய பொருள்களில் ஒன்று. ஆனால் அந்தப் பணம் மறுசுழற்சி ஆலையின் வாசலோடு நின்றுவிடுகிறது, சாலை போடும் ஊராட்சிக்கு வருவதில்லை. ஆலைக்காரர் எது லாபமோ அதைத் தயாரிப்பார். டயரை உலையில் சூடாக்கி எண்ணெய் எடுப்பதற்கும் சான்றிதழ் உண்டு. எனவே விதிமீறலுக்கு வசூலிக்கும் சுற்றுச்சூழல் இழப்பீட்டிலும், தேவைப்பட்டால் புது டயர்மீது சிறு கட்டணத்திலும் ஒரு நிதியைத் தொடங்கி, ரப்பர் தாருக்கும் சாதாரணத் தாருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டும்.

மானியத்தை ஒப்பந்தக்காரர் விழுங்கிவிடுவார் என்பது நியாயமான அச்சம். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சாலை போட்டவரே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும். அந்த முறையில் மானியத்தில் பாதியை வேலை முடிந்ததும், மீதியை இரண்டு பருவமழைக்குப் பின் சாலையை அளந்தும் கொடுக்கலாம். புகை பற்றிய அச்சம் இன்னும் கனமானது. ரப்பர் தாரின் புகை தொழிலாளரின் கண்ணையும் தொண்டையையும் உறுத்துவதாக அமெரிக்க ஆய்வுகளே பதிவு செய்திருக்கின்றன. குறைந்த வெப்பத்தில் கலக்கும் நுட்பம் இப்போது இருக்கிறது. அதைப் பயன்படுத்தாத வேலைக்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது. டயரில் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோன் பட்டு மாறி, மழைநீரோடு ஓடைக்குப் போய் கோஹோ சால்மன் மீன்களைக் கொல்வதை 2020இல் வாஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தாரில் பிணைந்த ரப்பரும் சாலையில் உதிரும் டயர்த்துகளும் ஒன்றல்ல. என்றாலும் ஏரி, குளத்தை ஒட்டிய சாலைகளில் வடியும் நீரைச் சோதிப்பதை நிதியின் நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை முறையை நம் ஊரக வளர்ச்சித் துறை கிராமங்கள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ரப்பர் சாலையையும் அந்தத் துறையிடமே ஒப்படைக்கலாம். வெயில் கடுமையான மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஒரு சாலை எடுத்து, பாதி நீளம் ரப்பர் தார், பாதி நீளம் வழக்கமான தார் எனப் போடட்டும். செலவுக் கணக்கையும் பள்ளங்களின் அளவையும் மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கொரு முறை, ஒன்றிய அலுவலகப் பலகையில் எழுதி வைக்கட்டும்.