பிழைச்செய்தியை முதலில் படியுங்கள்

பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்த சில நாள்களுக்கு வகுப்பில் பென்டிரைவ் கைமாறிக்கொண்டே இருக்கும். கணினியிலிருந்து படங்களை அதில் நகலெடுக்கும்போது, பாதியில் திரையில் ஒரு சிறு பெட்டி எழும். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. 'தவிர்' என்பதை அழுத்துகிறார்கள், மீண்டும் முயல்கிறார்கள், முடியாவிட்டால் "பென்டிரைவ் கெட்டுப்போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். படங்கள் தொலைவதற்குக் கருவியைவிட இந்த அவசரமே பெரிய காரணம் என்பது என் கருத்து. அந்தப் பெட்டியில் இருப்பது நமக்குத் தேவையான முதல் தடயம்.

அடிக்கடி வரும் செய்திகளில் ஒன்று, 'கோப்பு மிகப் பெரியது' என்பது. பென்டிரைவில் 50 ஜிகாபைட் காலியாக இருந்தாலும் இது வரும். பல பென்டிரைவ்கள் 'ஃபேட்32' என்ற பழைய கோப்பு முறையில் அமைக்கப்பட்டவை. அதில் ஒவ்வொரு கோப்பின் அளவும் 32 இரும இலக்கங்களில் குறிக்கப்படுகிறது. அந்த இலக்கங்களில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. ஆகவே ஏறக்குறைய 4 ஜிகாபைட்டைத் தாண்டிய ஒரே கோப்பை அது ஏற்காது. சில மெகாபைட் அளவுள்ள படங்களுக்கு இதனால் தொல்லை இல்லை. படங்களோடு ஒரே கோப்புறையில் கிடக்கும் நீண்ட காணொளிதான் சிக்கிக்கொள்கிறது. 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றினால் சிக்கல் தீரும். ஆனால் மாற்றும்போது பென்டிரைவில் உள்ள அனைத்தும் அழியும். முதலில் அவற்றை வேறிடத்தில் சேமியுங்கள்.

'பெயர் மிக நீளம்' என்பது இன்னொரு செய்தி. விண்டோஸின் பழைய விதிப்படி, கோப்புறைப் பெயர்களையும் சேர்த்து ஒரு கோப்பின் முழு முகவரி சுமார் 260 குறியீடுகளுக்குள் இருக்கவேண்டும். தமிழில் பெயரிடுவோர் இதைக் கவனிப்பது நல்லது. 'விளையாட்டுப்போட்டி' நம் கண்ணுக்கு 9 எழுத்து, கணினிக்கோ 18. 'வி' என்பதை 'வ' ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. 'ட்' என்பதிலும் புள்ளி தனிக் கணக்கு. கோப்புறைக்குள் கோப்புறை என்று அடுக்கிக்கொண்டே போனால் எல்லை விரைவில் வந்துவிடும். பெயரைச் சுருக்கினால் போதும்.

மிக ஆபத்தான செய்தி, 'பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்யவேண்டும்' என்பது. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கினால் கோப்புப் பட்டியல் சிதைந்து இந்நிலை வரலாம். நூலகத்தின் பட்டியல் கிழிந்தாலும் நூல்கள் அலமாரியில் இருப்பதுபோல, படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபார்மேட் செய்தால் மீட்கும் வாய்ப்பு குறையும். விண்டோஸில் முழு ஃபார்மேட் செய்தால் அனைத்தும் துடைக்கப்பட்டுவிடும். எனவே 'வேண்டாம்' என்பதை அழுத்துங்கள். புதிதாக எதையும் அதில் பதியாதீர்கள். மீட்பு மென்பொருளைப் பயன்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

செய்தி தெளிவாக இல்லாவிட்டால் என்ன செய்வது? அறிவியல் கூடத்தில் கற்றதைச் செய்யுங்கள்: ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருங்கள். முதலில் கணினியின் வேறொரு யூஎஸ்பி துளையில் செருகுங்கள். அடுத்து வேறொரு கணினி. அதற்கடுத்து வேறொரு படம். எங்கே நகலெடுத்தாலும் அந்த ஒரு படம் மட்டும் தடுமாறினால் கோளாறு படக்கோப்பில் இருக்கலாம். ஒரு துளையில் மட்டும் தடுமாறினால் துளையைச் சந்தேகியுங்கள். எல்லாக் கணினியிலும் எல்லாப் படமும் தடுமாறினால் பென்டிரைவ்தான். அதன் நுண்ணறைகள் எலெக்ட்ரான்களைச் சிறைப்பிடித்துத் தகவலைக் காக்கின்றன. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அவற்றின் மின்காப்புச் சுவர் சிறிது தேய்கிறது. அதற்கும் ஆயுள் உண்டு.

எந்தச் செய்தியும் வராமலே படங்கள் தொலைவதும் உண்டு. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி பென்டிரைவ்கள் சந்தையில் உலவுகின்றன. உண்மையான இடம் நிறைந்த பிறகும் அவை படங்களை வாங்கிக்கொள்வதுபோல் நடிக்கும். பட்டியலில் எல்லாப் பெயரும் இருக்கும், படம் மட்டும் திறக்காது. ஆகவே நகலெடுத்து முடிந்ததும் 'பாதுகாப்பாக அகற்று' கட்டளை கொடுத்துக் கழற்றுங்கள். மீண்டும் செருகி, முதலிலும் நடுவிலும் கடைசியிலும் உள்ள சில படங்களைத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகே மூலப்படங்களை அழிப்பதா என்று யோசிக்கலாம். 'வெட்டி ஒட்டு' வேண்டவே வேண்டாம், 'நகலெடு' போதும்.

"பென்டிரைவ் மலிவுதானே, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள். பென்டிரைவ் மலிவுதான். கடைசியாகப் பாட்டியோடு எடுத்த தீபாவளிப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது? "எல்லாம் இணையச் சேமிப்பில் இருக்கிறதே" என்போரும் உண்டு. அங்கும் இடம் நிறையும், கடவுச்சொல் மறக்கும். இரண்டு இடங்களில் படங்களை வைத்திருப்பதே காப்பு. பென்டிரைவ் சுமந்து செல்லத்தான். அதையே ஒரே பெட்டகமாக்கக்கூடாது.

இந்தக் கருவி நமக்கு எட்டாத மாயமும் அல்ல. 2000ஆம் ஆண்டில் இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவற்றுள் ஒன்று சிங்கப்பூர் நிறுவனமான ட்ரெக் 2000. பென்டிரைவின் மூளையான கட்டுப்பாட்டுச் சில்லுகளை உருவாக்கும் தைவானின் ஃபைசன் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர், சிலாங்கூர் செகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங். நம் பக்கத்து மனிதர்கள் உருவாக்கிய கருவி சொல்லும் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்வது நமக்கு ஒன்றும் பெரிய காரியமல்ல. அடுத்த முறை பெட்டி எழுந்தால், விரலை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் படியுங்கள்.