சாராயக் கணக்கும் கல்லூரிக் கணக்கும்

1927 மார்ச்சில் பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின்மீது அம்பேத்கர் பேசினார். குடியிலிருந்து வரியாக எடுக்கிற பணத்தின் அளவுக்காவது மக்களின் கல்விக்குச் செலவழிப்பதுதான் நியாயம் என்றார். அவர் சலுகை கேட்கவில்லை, கணக்குக் கேட்டார். நாமும் அதையே கேட்போம்.

2024-25இல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதே ஆண்டு பட்ஜெட்டில் உயர்கல்விக்கு ஒதுக்கியது 8,212 கோடி. ‘பள்ளிக்கல்விக்கு 44,042 கோடி கொடுத்தோமே’ என்பார்கள். கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை ஏற்றிவிட்ட பிள்ளையைக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டுக் கையைச் சுருக்குவது என்ன நியாயம்?

சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகமே சாட்சி. 1857இல் தொடங்கிய அதன் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது. கேட்ட பாக்கி 424 கோடி. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஏனய்யா வருமான வரி? மொத்த வரவில் பாதிக்குமேல் அரசு கொடுத்தால்தான் அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்ற விலக்கு கிடைக்கும். அரசின் பங்கு பாதிக்குக் கீழே போய்விட்டது என்றது வரித்துறை. அரசு குறைத்ததை ஈடுகட்டுவது மாணவர் கட்டும் கட்டணம். அதற்கும் வரி! வங்கிக் குமாஸ்தாவான நான் பற்றும் வரவும் பார்த்தே பிழைக்கிறவன். இப்படியொரு கணக்கைப் பார்த்ததில்லை.

‘உங்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் தர்றோமே’ என்ற பதில் உடனே வரும். 2012இல் வந்த அரசாணை 92, சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. அது போராடிக் காக்க வேண்டிய உரிமை. ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது? பாஸ்புக்கை நீட்டி ‘ஏறிடுச்சாண்ணா?’ என்று கேட்கிற பிள்ளைகளை கவுன்ட்டரில் தினமும் பார்க்கிறேன். அவர்கள் கணக்கில் ஏறுவது கல்லூரிக் கணக்குக்கு இறங்குவதற்கே. தாமதமானால் அவமானம் பிள்ளைக்கு, வந்தால் பணம் ‘கல்வித் தந்தை’க்கு.

அந்தத் தந்தையின் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு இடஒதுக்கீடு கிடையாது. அதே பணம் அரசுக் கல்லூரிக்குப் போனால் வகுப்பில் நம் பிள்ளைக்கு ஒரு இடம், கரும்பலகைக்கு முன்னால் நம் ஆளுக்கு ஒரு இடம். ஒரே ரூபாய், இரண்டு வேலை செய்யும். அதனால்தான் சொல்கிறேன், உயர்கல்வி பட்ஜெட் வெறும் கல்விப் பிரச்சினை இல்லை, இடஒதுக்கீட்டுப் பிரச்சினை.

அரசுக் கல்லூரிகளிலும் அந்த இடத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள். நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். 2024இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய். 2019இல் யுஜிசி சொன்ன உச்சவரம்பு 50,000. பேர் கௌரவம், கூலி பாதி! முனைவர் பட்டம் வாங்கிய சேரிப் பிள்ளையும் அந்த வரிசையில்தான் நிற்கிறான்.

2024 ஜூனில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்ட நிதிக்குத் தமிழகத்தில் சட்டம் வந்தது. தலித் இயக்கங்கள் பல ஆண்டுகள் கத்தியதன் பலன் அது. சட்டம் காகிதத்தில் கிடந்தால் போதாது. பல்கலைக்கழக வரவில் அரசின் பங்கு பாதிக்குமேல் இருக்க வேண்டும். பின்னடைவுப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்ப வேண்டும். கல்லூரி திறக்கும் மாதத்திலேயே உதவித்தொகை வர வேண்டும்.

தோழர்களே, பட்ஜெட் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத படித்தவன் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். சேரியில் அதை வாசிப்போம், வரி வரியாகக் கேள்வி கேட்போம். கஜானாவில் காசில்லை என்பவர்களிடம் டாஸ்மாக் கணக்கை எடுத்து நீட்டுவோம். அது நம் தெருவிலிருந்தும் போன காசு.