ஏற்காட்டுக்கு ஏத்த லோ-விங் எது?

ரேடியோவில் பறக்கும் குட்டி விமானம்னு சொன்னதும் நம்ம ஊர்ல முதல்ல வர்ற பேர் அஜித். 2018-ல எம்.ஐ.டி. மாணவர்களோட தக்‌ஷா குழுவுக்கு ஆலோசகரா இருந்தாரே, அதுக்கு ரொம்ப முன்னாடியே அவருக்கு இந்தக் கிறுக்கு உண்டு. எனக்கும் உண்டு. என்ன, அவர் பண்ணினா செய்தி, நான் பண்ணினா வீட்டுல திட்டு :-) வாரத்துல அஞ்சு நாள் பெங்களூர்ல பொட்டி தட்டிட்டு, முடிஞ்ச சனிக்கிழமை எல்லாம் சேலத்துக்கு பஸ் பிடிச்சு, அங்கேர்ந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டுல மாமா வேலை பார்க்குற காப்பி எஸ்டேட்ல உக்காந்து பால்சா குச்சி ஒட்டுற ஆள் நான்.

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு தம்பி. ஏற்காட்டுக்காரன், சேலத்துல இன்ஜினியரிங் மூணாவது வருஷம். டிரெய்னர் விமானம் ஓட்டிப் பழகிட்டான். ஒரு வருஷமா டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில இருக்கு. "அண்ணே, அடுத்து லோ-விங். ஸ்பிட்ஃபயர் ஒண்ணு ரெடிமேடா வருது, வாங்கிடட்டுமா?"னு கேட்டான். "வாங்காதடா, கட்டு. ஸ்பிட்ஃபயர் வேண்டாம்"னு சொன்னேன். பையனுக்குக் கோவம். இவனை மாதிரி இன்னும் நாலு பேர் கேட்பாங்க, அதனால காரணத்தை முழுசா எழுதி வச்சிடறேன். விமானம் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களும் படிக்கலாம், பிளஸ் டூ பிசிக்ஸ் போதும்.

முதல்ல லோ-விங்னா என்ன? டிரெய்னர்ல இறக்கை உடம்புக்கு மேல உக்காந்திருக்கும். லோ-விங்ல உடம்புக்கு அடியில. மேல் இறக்கை விமானம் சாய்ஞ்சா தானா நிமிரும். உடம்பு கீழே ஊசல் குண்டு மாதிரி தொங்குறதாலன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. நிஜக் காரணம் வேற. விமானம் ஒரு பக்கமா சறுக்கும்போது காத்து பக்கவாட்டுல இருந்து உடம்பு மேல மோதி மேலயும் கீழயும் பிரியுது. மேல் இறக்கையில அது சறுக்குற பக்கத்து இறக்கையைத் தூக்கி விடும், கீழ் இறக்கையில அமுக்கி விடும். அதனால லோ-விங்குக்கு, ரெண்டு கையையும் லேசா மேல தூக்கின மாதிரி, இறக்கை நுனிகளைக் கூடுதலா உசத்திக் கட்டணும். அப்படியும் டிரெய்னர் மாதிரி தானா நிமிராது. நீங்க சாய்ச்ச இடத்துல நிக்கும், நீங்கதான் நிமித்தணும். லோ-விங்கோட சுகமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

இன்னொரு வித்தியாசம் எடை. அமெரிக்காவுல சிக் கம்பெனியோட கேடட் எல்டி-40 டிரெய்னருக்கு இறக்கைப் பரப்பு 900 சதுர அங்குலம். அதே அளவு எஞ்சின் போடுற அவங்களோட லோ-விங், ஃபோர் ஸ்டார் 40-க்கு சுமார் 600. எடை அந்த அளவுக்குக் குறையறது கிடையாது. அதாவது ஒவ்வொரு சதுர அங்குலமும் கூடுதலா சுமக்குது. அதனால வேகமா பறக்கணும், வேகமாவே இறங்கணும்.

இப்ப மலைக்கு வருவோம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். சேர்வராயன் கோயில் இன்னும் மேல, 1623 மீட்டர். குளிர்காலத்துல 25 டிகிரி இருக்குற சென்னைக் காத்தையும் 18 டிகிரி இருக்குற ஏற்காட்டுக் காத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. சென்னையில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 1.18 கிலோ. ஏற்காட்டுல 1.01 கிலோ. கிட்டத்தட்ட 15 சதவீதம் கம்மி. மூச்சு வாங்கும்போது நமக்குப் பெருசா தெரியாது, இறக்கைக்குத் தெரியும். அதே விமானம் கீழே விழாம நிக்கறதுக்கு 8 சதவீதம் அதிக வேகம் வேணும். தரையில தொட்டதும் அடக்க வேண்டிய ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல போகும், ஆக அது 17 சதவீதம் அதிகம்.

இதையே எடைக் கணக்காப் போட்டா இன்னும் நல்லா புரியும். சென்னையில 1200 கிராம் விமானம் எப்படி இறங்குதோ, அதே மாதிரி ஏற்காட்டுல இறங்கணும்னா அது 1025 கிராம்தான் இருக்கணும். வித்தியாசம் 175 கிராம். நாம சாதாரணமா போடுற 2200 எம்.ஏ.ஹெச். மூணு செல் பேட்டரியோட எடை கிட்டத்தட்ட அதேதான். மலை ஏறினதும் கண்ணுக்குத் தெரியாம யாரோ விமானத்துல இன்னொரு பேட்டரியைக் கட்டி விட்ட மாதிரி.

மோட்டார் பத்திக் கவலை வேண்டாம். பெட்ரோலோ மெத்தனாலோ குடிக்குற எஞ்சின் காத்தைச் சுவாசிக்கும், அதனால மலையில சக்தி குறையும். மின் மோட்டாருக்கு அந்தப் பிரச்னை இல்ல. மெலிஞ்ச காத்துல விசிறிக்குச் சுமை கம்மி, மோட்டார் கம்மியா கரண்ட் இழுக்கும். ஒரு அங்குலம் பெரிய விசிறி மாட்டினா விட்டதைப் பிடிச்சிடலாம். இறக்கைக்குத்தான் அந்த மாதிரி குறுக்கு வழி இல்ல.

அடுத்தது இடம். ஏற்காட்டுல சமதளம் கிடைக்கறதே அபூர்வம். கிடைக்குற புல்தரையைச் சுத்தி சில்வர் ஓக் மரம், அது மேல மிளகுக் கொடி. இருபது மீட்டர் மரம்னு வச்சுக்குங்க. நல்ல லோ-விங் ஒண்ணு மோட்டாரை அணைச்சா ஒரு மீட்டர் இறங்க ஆறு மீட்டர் முன்னாடி போகும். மரத்தைத் தாண்டி இறங்க 120 மீட்டர் வேணும், எந்த எஸ்டேட்ல இருக்கு அவ்வளவு? போதாக்குறைக்கு, தரைக்கிட்ட வந்ததும் இறக்கைக்கும் தரைக்கும் நடுவுல இழுவிசை குறைஞ்சு விமானம் மிதந்துகிட்டே போகும். இறக்கை கீழே இருக்கறதால லோ-விங்ல அது இன்னும் ஜாஸ்தி. எதிர்ப்பக்கக் காப்பிச் செடி வாவான்னு கூப்பிடும்.

இந்தக் கணக்கோட ஸ்பிட்ஃபயரைப் பாருங்க. அழகு, நான் மறுக்கல. இரண்டாம் உலகப்போர்ல அதை ஓட்டின ஒரு படைப்பிரிவுக்கு, 234-ஆம் ஸ்குவாட்ரனுக்கு, 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னே பேர் இருந்தது. நமக்கு உறவு முறை கூட உண்டு! ஆனா குட்டி மாடலா வரும்போது அந்த அழகே வினை. நுனி குறுகுற இறக்கை, வேகம் குறைஞ்சா நுனியில முதல்ல பிடி விட்டு, சட்டுனு ஒரு பக்கமா கவுத்துடும். சக்கரங்கள் ரெண்டும் கிட்டக் கிட்ட, புல்லுல தடுக்கி மூக்கு குத்தும். பெயின்ட், மடங்குற சக்கரம்னு எடை ஏறிக்கிட்டே போகும். அகலமான தார் ஓடுபாதை இருக்கற ஊர்க்காரங்க தாராளமா வாங்கட்டும். ஏற்காட்டுத் தம்பியோட டியூஷன் காசு ஒரே சாயங்காலத்துல சில்வர் ஓக் உச்சியில தொங்குறதைப் பார்க்க எனக்கு மனசு இல்ல.

அப்ப எதைக் கட்டணும்? என் சிபாரிசு இதுதான். 120 செ.மீ. நீள இறக்கை, 22 செ.மீ. அகலம், பலகை மாதிரி நேர்ச் செவ்வகம். பார்க்க பிஸ்கட் பாக்கெட் மாதிரி இருக்கும், பரவால்ல. நேர் இறக்கை நடுவுல முதல்ல பிடி விடும், நுனி கடைசி வரைக்கும் பிடிச்சிருக்கும். எச்சரிக்கை குடுத்துட்டுதான் விழும். இறக்கையோட தடிமன் அகலத்துல 14, 15 சதவீதம். ஃபிளாப் கட்டாயம் வேணும். சர்வோ ரெண்டு கூடும், கம்பி எல்லாம் சேர்த்து முப்பது கிராம். ஆனா ஆறுக்கு ஒண்ணா இருந்த இறக்கம் நாலுக்கு ஒண்ணா மாறினா 120 மீட்டர் 80 ஆகுது. இந்த மலையில அந்த முப்பது கிராமை விட லாபமான செலவு வேற இல்ல. சக்கரம் 7 செ.மீ. விட்டத்துக்குக் குறையாம, இறக்கையிலயே நல்லா அகலம் விட்டு. மூக்குச் சக்கரம் வேண்டாம், வால் சக்கரம் போதும்.

எடையை வாங்குறதுக்கு முன்னாடியே பட்ஜெட் போடுங்க. மரம், ஃபிலிம் எல்லாம் சேர்த்து உடம்பு 420 கிராம், மோட்டார் 115, ஸ்பீடு கண்ட்ரோலர் 40, பேட்டரி 180, ஆறு சர்வோ 60, ரிசீவர் 15, விசிறி 30, சக்கரமும் கம்பியும் 90, பசை, ஆணி, வயர் 70. கூட்டினா 1020. 1050-ஐத் தாண்டக் கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டிடுங்க. 1050-ல நின்னா இந்த மலையில மணிக்கு சுமார் 30 கி.மீ. வரைக்கும் மெதுவா பறக்கும். 1250 ஆனா 33. மூணு கிலோமீட்டர்தானேன்னு தோணும். மேல சொன்ன வர்க்கக் கணக்கையும், எடையே கூடினதையும் சேர்த்துப் பாருங்க, தரையில அடக்க வேண்டிய ஆற்றல் 40 சதவீதத்துக்கு மேல ஏறிடும்.

கட்டும்போது ரொம்ப கவனிக்க வேண்டியது வால். வாலுக்கான நெம்புகோல் நீளம். அங்க ஒரு கிராம் கூடினா மூக்குல ரெண்டு மூணு கிராம் ஈயம் வைக்கணும். அதனால வாலுக்கு இருக்கறதுலயே லேசான பால்சாவைத் தட்டிப் பார்த்து, தராசுல வச்சுப் பார்த்துப் பொறுக்குங்க. எடை மையம் இறக்கை முன்விளிம்புல இருந்து 55-ல இருந்து 60 மி.மீ.க்குள்ள வரணும். இன்னொண்ணு, ஏற்காட்டுப் பனி. காகிதம் ஒட்டின ஃபோம் போர்டு ஈரத்துல உப்பிப் பிரிஞ்சிடும். கட்டுறது சுலபம்தான், ஆனா மலைக்கு அது வேண்டாம். பால்சாவுக்குச் சூடு வச்சு ஒட்டுற பிளாஸ்டிக் ஃபிலிம் போட்டா ஈரமும் ஏறாது, பெயின்ட் எடையும் மிச்சம்.

"இவ்வளவு எதுக்கு? ரெடிமேட் ஃபோம் விமானம் வாங்கி, உடைஞ்சா ஒட்டிப் பறக்க விட்டுட்டுப் போகலாமே"ன்னு கேக்கறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. நேரம் இல்லாதவங்களுக்கு அது நல்ல வழி. ஆனா ரெடிமேட்ல எடையை முடிவு பண்ணுறவர் வேற எங்கேயோ உக்காந்திருக்கார். அவர் மனசுல இருக்கறது கடல் மட்டத்துல வெட்டி விட்ட புல்தரை. அவர்கிட்ட போய் எங்க ஊர்ல சில்வர் ஓக் இருக்குன்னு சொல்ல முடியாது. வெளிநாட்டுத் தளத்துல ஆர்டர் போடுறவங்க இன்னொண்ணையும் ஞாபகம் வச்சுக்கணும். 2022 பிப்ரவரியில ட்ரோன்களை முழுசாவோ, பிரிச்ச கிட்டாவோ இறக்குமதி செய்ய அரசு தடை போட்டது. உதிரிபாகத்துக்குத் தடை போடல.

சட்டம்னதும் அதையும் சொல்லிடறேன். 2021 ட்ரோன் விதிகள் நம்ம பொம்மையையும் ஆளில்லா விமானமாத்தான் பார்க்குது. 25 கிலோவுக்குள்ள, பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ, கண்ணுக்கு எட்டின தூரத்துல ஓட்டுற மாடலுக்கு டைப் சர்டிஃபிகேட் வேண்டாம். பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் போகலாம். விமான நிலையத்துல இருந்து 8-க்கும் 12 கிலோமீட்டருக்கும் நடுவுல 200 அடிதான். சேலம் விமான நிலையம் ஏற்காடு ஊருக்கு நேர்க்கோட்டுல 15 கிலோமீட்டர் பக்கம், ஆனா மேற்குச் சரிவுல நிக்கறவங்களுக்குக் கணக்கு மாறலாம். விதிகளும் மாறும், ஒவ்வொரு தடவையும் வரைபடம் பார்த்துக்குங்க.

சட்டத்துல இல்லாத ஒண்ணு. பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், ஏரிக்கரை, கோயில் மைதானம் எல்லாம் பறக்க விடற இடம் கிடையாது. வியூ நல்லா இருக்கும், மேல ஏறி வர்ற காத்தும் நல்லா இருக்கும், ஆனா மனுசங்க இருக்காங்க. ஒரு கிலோ விமானம் 60 கி.மீ. வேகத்துல மோதினா, நாலு மாடி உயரத்துல இருந்து ஒரு கிலோ படிக்கல் தலையில விழுந்த மாதிரி. எஸ்டேட்காரர்கிட்ட அனுமதி கேட்டு, காலையில ஏழு மணிக்குப் போங்க. காத்து அடங்கி இருக்கும். மதியத்துக்கு மேல மஞ்சு எப்ப இறங்கும்னு சொல்ல முடியாது. இறங்கிட்டா பத்து நொடியில விமானம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாத லோ-விங் தானா நிமிராது. தேடிப் போற பாதையில காட்டெருமை வேற நிக்கும். அதுங்களுக்கு ஏரோமாடலிங்ல ஆர்வம் இல்ல :-)

கடைசியா, வாங்காத கட்டுன்னு ஏன் பிடிவாதமா சொல்றேன்னா, காசு ஒரு காரணம்தான். என்னை மாதிரி நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவங்க எத்தனை பேர் ஒரு பொருளோட எடைக்குப் பொறுப்பு ஏத்திருக்கோம்? நாங்க எழுதுறதுக்கு எடையே கிடையாது. மெமரி பத்தலையா, இன்னொரு சர்வர் வாங்கிப் போடு. இங்க அது நடக்காது. எந்த மரம், எவ்வளவு பசை, ஃபிளாப் வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணி, அதுக்கான பதிலை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில மலைக்காத்துகிட்ட இருந்து வாங்கணும். மூணாவது வருஷம் படிக்கிற பையனுக்கு இதைவிட நல்ல பிராக்டிகல் லேப் எனக்குத் தெரியல. அதை ஒரு அட்டைப்பெட்டி ஸ்பிட்ஃபயருக்காக விட்டுக் குடுக்கறது வீண்.

என் விமானம் 1060 கிராம்ல முடிஞ்சது. சொன்ன கணக்கை விட பத்து கிராம் ஜாஸ்தி, ஆனா காப்பிச் செடிக்குப் பத்து மீட்டர் முன்னாடி நிக்குது. மறுப்புச் சொல்றவங்க தாராளமா சொல்லுங்க. உங்க ஊரோட உயரம், தரையோட நீளம், விமானத்தோட எடை, இந்த மூணு நம்பரையும் கையில வச்சுக்கிட்டு வாங்க, பேசலாம்.