செருப்புக்கடியும் செஞ்சிக் கோட்டையும்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் இராணுவ நிலப்பரப்பு என்ற அந்தத் தொகுப்பில் கோட்டைகள் பன்னிரண்டு. பதினொன்று மகாராஷ்டிரத்தில், எஞ்சிய ஒன்று நம்முடையது. அன்றிலிருந்து வாகன நிறுத்துமிடம் பற்றிப் பேசுகிறார்கள், கழிப்பறை பற்றிப் பேசுகிறார்கள், குடிநீர் பற்றிப் பேசுகிறார்கள். எல்லாம் வேண்டியவைதாம். ஆனால் ராஜகிரியின் 800 அடி உயரத்தை ஏறி இறங்க வேண்டியது கால். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம். பிற்பகலில் மலையடிவாரத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். நல்ல விலை கொடுத்து வாங்கிய காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு, சுடுகல்லில் வெறுங்காலோடு நொண்டி நொண்டி வருகிறவர்கள் கண்ணில் படுவார்கள். கேட்டால் 'ஷூ கடிச்சிடுச்சு' என்பார்கள். அடுத்த மூச்சிலேயே 'நம்ம காலு அப்படி' என்பார்கள். கடித்தது செருப்பு, குற்றவாளி கால். இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் செருப்பைக் கொண்டுவந்து வைப்பதா என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்லை நினைவூட்டலாம். அரணம். கோட்டைக்கும் அதுதான் பெயர், கவசத்துக்கும் அதுதான், செருப்புக்கும் அதுதான். பெரும்பாணாற்றுப்படையில் நெடுவழி செல்லும் வணிகரின் காலணியை அந்தச் சொல்தான் குறிக்கிறது. தொடுதோல் என்ற சொல்லும் சங்கப் பாடல்களில் உண்டு. செருப்பைக் கோட்டையோடு ஒரே சொல்லில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது காலைக் காக்க வந்தது என்பதில் ஐயம் இருந்திருக்க முடியாது. உள்ளே இருப்பவனையே குத்தும் கோட்டையை யாராவது அரண் என்று சொல்வார்களா?

கடைக்காரரிடம் கேட்டால் அவரிடம் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கும். முதலாவது, 'போடப் போடச் சரியாயிடும்.' இரண்டாவது, 'உங்க கால் அகலம், ஒரு சைஸ் பெரிசாப் போட்டுக்குங்க.' முதலாவது பதில் தோல் செருப்புக்கு ஓரளவு பொருந்தும்; தோல் இளகும். இன்று விற்கும் செயற்கைப் பொருள்களில் பல அப்படி இளகுவதில்லை. இளகுவது நம் பொறுமைதான். இரண்டாவது பதில் அதைவிடக் கேடானது. பெரும்பாலான துன்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் ஏழு, எட்டு என்ற எண் என்ன? ஆங்கிலேயர் அளவுமுறை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ எட்டரை மில்லிமீட்டர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் அது. அந்த எண் நீளத்தை மட்டுமே சொல்லும். அகலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இங்கிலாந்தில் அகலத்துக்குத் தனியாக எழுத்துகள் வைத்திருக்கிறார்கள்: ஈ, எஃப், ஜி என்று. எண் கப்பலேறி இங்கே வந்தது. எழுத்து அங்கேயே தங்கிவிட்டது. நம் கடைகளில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் பெரும்பாலும் எண் மட்டும்தான் இருக்கும். விடுதலைக்கு முன் வந்த அந்த எண்ணைத்தான் இன்றும் காலில் மாட்டிக்கொண்டு திரிகிறோம்.

இது வெறும் மனக்குறை அல்ல. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில், 79 இடங்களில், 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாணக் கருவி கொண்டு அளந்தது. மண்டலத்துக்கு மண்டலம் கால் மாறும், பல அளவுமுறைகள் தேவைப்படும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தார்கள். அப்படியில்லை, நாடு முழுவதற்கும் ஒரே முறை போதும் என்று தெரிந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது: இந்தியக் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலமானவை. அகலம் போதாமல் மக்கள் நீளம் கூடிய காலணியை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். 'பா' என்ற பெயரில், வயதையும் பாலையும் வைத்து எட்டுப் பிரிவுகள் கொண்ட அளவுமுறை ஒன்றை முன்மொழிந்தார்கள். 2024-இல் நாளேடுகளில் செய்தி வந்தது. 2025-இல் நடைமுறைக்கு வரும் என்றார்கள். கடைகளில் நாம் புரட்டும் பெட்டிகளில் இன்னும் பழைய எண்ணே இருக்கிறது.

அகலத்துக்காக நீளத்தை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று பனிச்சறுக்கு ஆடுகிறவர்களிடம் இருக்கிறது. குல்மார்க்கிலும் ஆலியிலும் அவர்கள் அணியும் காலணி வளையாத பிளாஸ்டிக் ஓடு, தவறை மன்னிக்காது. கால் வலிக்கிறது என்று வருகிறவர்களில் பலர் அணிந்திருப்பது சிறிய காலணி அன்று, பெரிய காலணி. கால் உள்ளே ஆடுகிறது. ஆடாதிருக்கக் கொக்கிகளை இறுக்குகிறார்கள். இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் மரத்துப்போகிறது. அதைக் காலணி இறுக்கம் என்று எண்ணி இன்னும் பெரியதை வாங்குகிறார்கள். இந்தச் சுழலை உடைக்க அங்கே தனியாகவே ஒரு கைவினைஞர் இருக்கிறார். உள்மெத்தையை உருவிவிட்டு வெறும் ஓட்டில் காலை விடச் சொல்வார். விரல் முன்பக்கம் தொட நிற்கும்போது குதிகாலுக்குப் பின் ஒன்றிரண்டு விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். நீளம் சரியென்றால், எலும்பு முட்டும் இடத்தில் மட்டும் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளுவார், அல்லது உள்ளே தேய்த்தெடுப்பார். அவர்களுடைய அளவுமுறை மாண்டோபாயிண்ட். காலணியின் எண்ணை அன்று, காலின் நீளத்தையே சொல்வது. அங்கே திருத்தப்படுவது காலணி. 'உங்கள் கால் அப்படி' என்று சொல்லிப் பிழைக்க முடியாது.

ராஜகிரியில் பனி இல்லை. படி இருக்கிறது, பாறை இருக்கிறது, உச்சிக்கருகே பிளவின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. ஏறும்போது பெரிய காலணியின் குற்றம் அதிகம் தெரியாது. குதிகால் சற்றே உராயும், அவ்வளவுதான். இறங்கும்போது உடலின் எடை முழுவதும் முன்னே சாய்கிறது. குதிகாலைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாததால் ஒவ்வொரு படிக்கும் கால் வழுக்கிப் பெருவிரல் முன்சுவரில் மோதுகிறது. நூற்றுக்கணக்கான படிகள், நூற்றுக்கணக்கான மோதல்கள். மறுநாள் நகம் கறுக்கிறது. 'சின்ன ஷூ வாங்கிட்டேன் போல' என்று சொல்லி அடுத்த முறை இன்னும் பெரியதை வாங்குகிறோம்.

ஆகவே, மாலையில் வாங்குங்கள்; நடந்து களைத்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்றே பருத்திருக்கும். உட்கார்ந்து போட்டுப் பார்க்காதீர்கள்; எடை ஏறினால்தான் கால் விரியும். இரண்டு கால்களும் ஒத்த அளவில் இருப்பது அரிது, பெரிய காலுக்கு ஏற்ப வாங்குங்கள். உள்தட்டு கழற்றக்கூடியது என்றால் அதை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்தக் காலணி எந்த எண்ணில் இருந்தாலும் உங்களுக்கு உரியது அன்று. முன்னே கட்டைவிரல் அகலம் இடம், பின்னே குதிகால் அசையாத பிடி. இறங்குமுன் கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், விரல்பக்கம் தளர விடுங்கள். (நகத்தை முந்தின நாளே வெட்டிவிடவும். நம் மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்கிறோம், கேட்பாரில்லை.)

இவ்வளவு செய்தும் கடையில் உங்கள் காலுக்கு ஏற்றது இல்லாமல் போகலாம். அங்கேதான் நம் சண்டை.

கறுப்பு மூடுகாலணி கட்டாயம் என்று ஆணையிடும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் கேட்கிறோம்: யாருடைய காலை மனத்தில் வைத்து இட்ட ஆணை இது? நம் வகுப்பில் முதல் வரிசைப் பெண்கள் மேசைக்கடியில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சிலம்பு கேட்கிறார்கள். கர்நாடகத்தில் ராவ், ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 பிள்ளைகளின் பாதங்களைப் பார்த்து 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 பேருக்கு. அணிந்தவர்களிலும் மூடிய காலணிப் பிள்ளைகளிடம் அது மிகுதி, செருப்புப் பிள்ளைகளிடம் குறைவு. முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கண்முன் கிடக்கும் உண்மை இது. ஒழுக்கத்தின் அடையாளம் என்கிறார்கள். இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும்போது கால்கள் ஒரே நிறத்தில் தெரிவதுதான் அந்த ஒழுக்கம். வெறுங்காலோடு திரியச் சொல்லவில்லை; இந்த வெயிலில் வெறுங்காலின் பாடு நமக்குத் தெரியும். வளரும் காலை மூடித்தான் தீரவேண்டும் என்ற பிடிவாதத்தைக் கைவிடச் சொல்கிறோம்.

வலியைச் சொல்லத் தெரிந்த பிள்ளையாவது கழற்றி வைக்கும். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய கால் அதையும் செய்யாது. காலணி இறுக்கிப் பிடித்தால்தான் அணிந்திருப்பதே தெரிகிறது என்று மேலும் இறுக்கமானதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. கொப்புளம் புண்ணாகும், புண் விரலைக் கேட்கும், பிறகு காலைக் கேட்கும். இதை உலகுக்குச் சொன்ன இடங்களுள் ஒன்று நம் பக்கத்து வேலூர். 1946-இல் அங்கு வந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளியின் பாதத்தை நோய் தின்பதில்லை, வலி தெரியாமல் நடக்கும் நடையும் பொருந்தாத செருப்புமே தின்கின்றன என்று கண்டார். மருத்துவம் அங்கே செருப்புத் தொழிலைத் தேடிப் போனது. மென்மையான நுண்துளை ரப்பரில் அடித்தட்டு வைத்த செருப்புகள் பிறந்தன. நீரிழிவுக்காரர்களுக்கு இன்று பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான்.

அறுவை மருத்துவர் செருப்புத் தைப்பவரோடு உட்கார்ந்தால் அது மருத்துவ வரலாறு. செருப்புத் தைப்பவர் தாமாகவே அதை அறிந்திருந்தால் அதற்கு நாம் வைத்த பெயர் வேறு. தாளைத் தரையில் விரித்து, அதில் உங்கள் காலை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து, முட்டும் எலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, இடக்காலுக்கு ஓரளவும் வலக்காலுக்கு ஓரளவும் தோல் வெட்டியவர் நம் ஊர்களில் இருந்தார். ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில்கூட இடது வலது வேறுபாடு இல்லாத காலணிகள் புழங்கின. இன்று ஆல்ப்ஸ் மலையடியில் பெரும் பணம் கொடுத்துப் பெறும் அந்தக் கைவேலையை இங்கே திண்ணைக்குக் கீழே நிற்கவைத்து, கைபடாமல் காசைப் போட்டு வாங்கினோம். பிறகு ஆயத்தச் செருப்பு வந்ததும் அதையும் விட்டுவிட்டோம். இப்போது அவரிடம் நாம் கேட்பதெல்லாம் அறுந்த வாரைத் தைத்துத் தர வேண்டும் என்பதுதான். அதற்கும் பேரம்.

பாதுகை அரியணை ஏறிய கதையைக் கண்ணீர் மல்கப் படிக்கும் நாடு இது. வேதாந்த தேசிகர் பாதுகைக்கென்றே ஆயிரம் சுலோகம் பாடினார். பாதுகை செய்தவர் ஊருக்கு வெளியே இருந்தார். பாடம் நடத்தும்போது இந்த இடத்தை நம்மில் எத்தனை பேர் நிறுத்தி நடத்துகிறோம்?

செஞ்சிக்கு வருகிறவர்களுக்கு ராஜகிரி தெரியும், கிருஷ்ணகிரி தெரியும், சந்திரகிரியின் பெயராவது தெரியும். நான்காவதாக ஒரு சிறு குன்று இருக்கிறது. சக்கிலி துர்க்கம். இன்று அருந்ததியர் என்று மதிப்போடு அழைக்கப்படும் தோல்வினை மக்களின் பழைய சாதிப்பெயரைத் தாங்கிய குன்று. முகலாயரின் படை 1690 முதல் 1698 வரை இந்தக் கோட்டையைச் சூழ்ந்து கிடந்தது. உள்ளேயும் வெளியேயும் அத்தனை குதிரைக்குச் சேணம், அத்தனை வாளுக்கு உறை, அத்தனை பேர் நடக்கச் செருப்பு, எல்லாம் தோல். வழிகாட்டிகள் சொல்லும் கதையில் ராஜாராம் வருகிறார், சுல்பிகர் கான் வருகிறார், தேசிங்கு ராஜாவின் குதிரைகூட வருகிறது. சேணம் தைத்தவர் வருவதில்லை. பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு புதிய பலகைகளில் அந்தக் குன்றின் பெயரை நாகரிகம் கருதி மாற்றிவிடலாம் என்று யாருக்கேனும் தோன்றலாம். பெயரை என்ன செய்வது என்பதை அந்த மக்களிடம் கேட்டு முடிவு செய்யட்டும். அந்தத் தொழிலைப் பற்றி நான்கு வரி எழுதாமல் பெயரை மட்டும் துடைத்தால் எதிர்ப்போம்.

அதுவரை ஒன்று செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அதன்மேல் ஏறி நின்று, காலைச் சுற்றி வரையுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போய், இந்த அகலத்துக்கு ஒன்று எடுங்கள் என்று கேளுங்கள். கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பிறகு அதே தாளை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தருகே குடைக்கீழ் உட்கார்ந்திருப்பவரிடம் போங்கள். 'ஐயா, இதற்கு ஒரு ஜோடி தைத்துத் தருவீர்களா' என்று கேட்டுப் பாருங்கள்.